படிநிலைத் தரவை எப்படிச் சேமிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று போகிற தரவு ஏதாவது ஒரு வடிவில் பெரும்பாலான செயலிகளில் வந்துவிடும். ஃபோல்டர்கள், பொருள் வகைகள், பதிலுக்குப் பதில் என நீளும் கருத்துகள், யாருக்கு யார் மேலதிகாரி என்ற பட்டியல், மெனு என எத்தனையோ. இதை டேட்டாபேஸில் எப்படி வைப்பது என்று யோசிக்கும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

விளக்கத்துக்கு ஒரே ட்ரீயை, அதாவது இப்படிக் கிளைவிடும் ஒரு படிநிலையை, கடைசிவரை வைத்துக்கொள்வோம். ஆறு ஃபோல்டர்கள். எல்லாவற்றுக்கும் மேலே 'ஆவணங்கள்' (ஐடி 1). அதற்குள் 'கணக்கு' (2), 'படங்கள்' (3). கணக்குக்குள் 'வரவு' (4), 'செலவு' (5). படங்களுக்குள் 'பழையவை' (6).

எதிலிருந்து தொடங்குவது? ஒரே வரியில் பதில் வேண்டும்.

ஒவ்வொரு ரெக்கார்டிலும் அதன் பேரன்ட் (நேர் மேலே உள்ளது) ஐடியை ஒரு ஃபீல்டாக வையுங்கள், அந்த ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) போடுங்கள், ரிகர்சிவ் குவெரியில் (கிடைத்த விடையை வைத்தே அடுத்த மட்டத்தைத் தேடும் குவெரியில்) படியுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

இந்த முறைக்கு அட்ஜசென்சி லிஸ்ட் என்று பெயர். செலவு என்ற ரெக்கார்டில் பேரன்ட் ஐடி 2. கணக்கு என்ற ரெக்கார்டில் பேரன்ட் ஐடி 1. ஆவணங்களுக்குப் பேரன்ட் இல்லை, அதனால் அங்கே நல் (மதிப்பு இல்லை). அவ்வளவுதான் அமைப்பு. புது ஃபோல்டர் சேர்க்க ஒரு ரெக்கார்டு எழுதினால் போதும். ஒரு ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்த ஒரே ஒரு ஃபீல்டை மாற்றினால் போதும், அதற்குக் கீழே லட்சம் ஃபோல்டர் இருந்தாலும். ஃபாரின் கீ (ஒரு ஃபீல்டு சுட்டும் ரெக்கார்டு இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) போட்டுவிட்டால், இல்லாத பேரன்ட்டைக் குறிப்பிடுவதை டேட்டாபேஸே தடுத்துவிடும். கீழே வரும் மற்ற முறைகளில் இந்தப் பாதுகாப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

இண்டெக்ஸைப் பற்றி அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மைசீக்வல் டேட்டாபேஸின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி, ஃபாரின் கீ போட்டதும் அந்த ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் தானாகவே உருவாக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் உருவாக்காது. அங்கே நீங்களாகப் போடாவிட்டால், ஒரு ஃபோல்டரின் பிள்ளைகளைத் தேடும் ஒவ்வொரு முறையும் முழு டேபிளையும் படிக்க நேரும். "பேரன்ட் ஐடி முறை மெதுவாக இருக்கிறது" என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பேரன்ட் ஐடி வைத்தால் ஆழமாகப் படிப்பது கஷ்டம் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறதே?

ஒரு காலத்தில் உண்மையாகவே கஷ்டமாக இருந்தது. ஒரு ஃபோல்டருக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் எடுக்க, ஒவ்வொரு மட்டத்துக்கும் தனி குவெரி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் இத்தனை மட்டம்தான் என்று முன்கூட்டியே முடிவுசெய்து அத்தனை ஜாயின் (டேபிள்களை இணைத்துப் படிப்பது) எழுத வேண்டும். கீழே வரும் நெஸ்டட் செட் போன்ற சிக்கலான முறைகள் பரவியதற்கு இதுதான் பெரிய காரணம்.

ரிகர்சிவ் குவெரி, எஸ்க்யூஎல் என்ற குவெரி மொழியின் தரத்தில் 1999-இலேயே வந்துவிட்டது. டேட்டாபேஸ்கள் அதை எட்டிப்பிடிக்கத்தான் நாளானது. எஸ்க்யூஎல் சர்வரில் 2005 பதிப்பில் வந்தது. போஸ்ட்கிரெஸில் 2009-இல் 8.4 பதிப்பில், எஸ்க்யூலைட்டில் 2014-இல் 3.8.3 பதிப்பில். மரியாடிபியில் 2017-இல் 10.2 பதிப்பிலும், மைசீக்வலில் 2018-இல் 8.0 பதிப்பிலும்தான். ஆரக்கிளில் இதற்கெல்லாம் வெகு முன்பே 'கனெக்ட் பை' என்ற சொந்த வழி இருந்தது.

ஆகவே ஒரு அறிவுரையைப் படிக்கும்போது அது எந்த ஆண்டில், எந்த டேட்டாபேஸை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று பாருங்கள். மைசீக்வல் 5.7 காலத்தில் சரியாக இருந்த பதில் இன்றைக்கும் சரி என்று சொல்ல முடியாது.

ரிகர்சிவ் குவெரி உள்ளே எப்படி ஓடுகிறது?

முதல் சுற்றில் தொடக்க ரெக்கார்டை எடுக்கிறது: ஆவணங்கள். அடுத்த சுற்றில், சற்று முன் கிடைத்தவற்றை யாரெல்லாம் பேரன்ட்டாக வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறது: கணக்கு, படங்கள். மூன்றாவது சுற்றில் வரவு, செலவு, பழையவை. நான்காவது சுற்றில் எதுவும் கிடைக்காது, நின்றுவிடும்.

கவனிக்க வேண்டியது, சுற்றுகளின் எண்ணிக்கை ட்ரீயின் ஆழத்தைப் பொறுத்தது, ரெக்கார்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல. மனிதர்கள் கையால் உருவாக்கும் ட்ரீக்கள் பெரும்பாலும் அகலமாக வளரும், ஆழமாக வளராது. மேல்நோக்கித் தேடுவது இன்னும் லேசு: செலவிலிருந்து கணக்கு, அங்கிருந்து ஆவணங்கள், முடிந்தது. சுற்றுக்கு ஒரே ஒரு ரெக்கார்டு.

வரம்புகளும் உண்டு. எஸ்க்யூஎல் சர்வர் 100 சுற்றுகளைத் தாண்டினால் பிழை காட்டி நிறுத்தும். மைசீக்வலில் அந்த வரம்பு 1000. இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வரம்பில் முட்டினால், அதை உயர்த்துவதற்கு முன் தரவில் சுழல் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோல்டர் ட்ரீயில் 1000 மட்டம் இயல்பாக வராது.

சுழல் என்றால்? அது எப்படி உள்ளே வரும்?

கணக்கு படங்களுக்குள் இருக்கிறது, படங்கள் கணக்குக்குள் இருக்கிறது. இதுதான் சுழல். ஃபாரின் கீ இதைத் தடுக்காது, ஏனென்றால் இரண்டு பேரன்ட்டுகளும் டேபிளில் இருக்கத்தான் செய்கிறார்கள். மேலேயிருந்து வரும் எந்தக் குவெரியும் இந்த இரண்டையும் தொடாது. பயனருக்கு அவருடைய ஃபோல்டர்கள் காணாமல் போனதுபோல் தெரியும். கீழேயிருந்து மேலே போகும் குவெரி முடிவில்லாமல் சுற்றும்.

நகர்த்தும் முன், போய்ச் சேரும் இடம் நகரும் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறதா என்று சோதிப்பது எல்லோருக்கும் தோன்றும். அது மட்டும் போதாது. இப்படி நடக்கலாம்: ஒருவர் கணக்கைப் படங்களுக்குள் நகர்த்துகிறார். அதே நொடியில் இன்னொருவர் படங்களைக் கணக்குக்குள் நகர்த்துகிறார். இருவருடைய சோதனையும் பழைய நிலையைப் பார்க்கிறது. பழைய நிலையில் இரண்டும் செல்லுபடியாகும். இருவரும் எழுதுகிறார்கள், வேறு வேறு ரெக்கார்டில். மோதலே இல்லை. சுழல் உருவாகிவிட்டது.

இதற்கு வழி, நகர்த்தும் வேலையை மட்டும் ட்ரீக்கு ஒன்றாக வரிசையில் விடுவது. நகர்த்தத் தொடங்கும்போது அந்த ட்ரீயின் ரூட் (எல்லாவற்றுக்கும் மேலே உள்ள) ரெக்கார்டை லாக் செய்யுங்கள் (பூட்டுங்கள்), பிறகு சோதியுங்கள், பிறகு எழுதுங்கள். படிப்பவர்களுக்கும் புதிதாகச் சேர்ப்பவர்களுக்கும் இது தடையாக வேண்டியதில்லை. நகர்த்துவது அரிதாக நடக்கும் வேலை என்பதால், வரிசையில் நிற்பதால் யாருக்கும் பெரிதாக நேரம் போகாது.

படிக்கும் பக்கத்திலும் ஒரு காப்பு வையுங்கள். போஸ்ட்கிரெஸ் 14-இலிருந்து ரிகர்சிவ் குவெரியில் 'சைக்கிள்' என்ற பகுதியே இருக்கிறது. மற்ற இடங்களில் பலர் 'யூனியன் ஆல்' என்பதற்குப் பதில் 'யூனியன்' போட்டால் போதும் என்று நினைப்பார்கள், அது திரும்ப வரும் ரெக்கார்டை நீக்கும் என்பதால். ஐடியை மட்டும் எடுத்தால் அது சரி. ஆனால் கூடவே மட்டத்தின் எண்ணையும் எடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த எண் மாறுவதால் ரெக்கார்டுகள் ஒன்றுபோல் இருக்காது. குவெரி நிற்காமல் ஓடும்.

பாதையை அப்படியே எழுதி வைப்பது எப்படி? அது எப்போது நல்லது?

மெட்டீரியலைஸ்டு பாத் என்பார்கள். ஒவ்வொரு ரெக்கார்டிலும் மேலிருந்து தன் வரையிலான முழுப் பாதையும் ஒரு சரமாக (எழுத்துத் தொடராக) இருக்கும். செலவின் பாதை '1/2/5/'. கணக்குக்குக் கீழே உள்ள எல்லாம் வேண்டுமென்றால் '1/2/' என்று தொடங்கும் பாதைகளைத் தேடினால் போதும். ஒரே குவெரி, ரிகர்ஷனே இல்லை. எந்த மட்டம் என்பதும் சாய்வுக்கோடுகளை எண்ணினால் தெரிந்துவிடும். படிப்பது அதிகம், நகர்த்துவது குறைவு என்ற செயலிகளுக்கு இது அருமையாகப் பொருந்தும்.

சில விஷயங்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கடைசிச் சாய்வுக்கோட்டை விட்டுவிடாதீர்கள். '1/2' என்று தேடினால் '1/20' என்பதும் மாட்டும், யாருடைய ஃபோல்டரோ யாருக்கோ தெரியும். அனுமதிச் சோதனைக்கு இந்தத் தேடலைப் பயன்படுத்தினால் இது பாதுகாப்புப் பிழை. அடுத்தது, பாதையில் பெயரை வைக்காதீர்கள், மாறாத ஐடியை வையுங்கள். பெயரை வைத்தால் பெயர் மாற்றுவதும் நகர்த்துவதுபோல் ஒரு பெரிய வேலையாகிவிடும். போஸ்ட்கிரெஸில் சாதாரண இண்டெக்ஸ், இப்படித் தொடக்கத்தை வைத்துத் தேடும் 'லைக்' தேடலுக்கு எப்போதும் உதவாது. டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) 'சி' இல்லையென்றால் இண்டெக்ஸ் உருவாக்கும்போது 'டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ்' என்று சொல்ல வேண்டும். இது தெரியாமல் இண்டெக்ஸ் போட்டும் வேகம் வரவில்லையே என்று தவிப்பவர்கள் நிறைய.

நகர்த்தும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். கணக்கைப் படங்களுக்குள் கொண்டுபோனால் '1/2/' என்பது '1/3/2/' ஆகும், '1/2/4/' என்பது '1/3/2/4/' ஆகும், '1/2/5/' என்பது '1/3/2/5/' ஆகும். மூன்று ரெக்கார்டுகள். கணக்குக்குள் ஐம்பதாயிரம் இருந்தால் ஐம்பதாயிரத்தையும் எழுத வேண்டும், அவற்றின் இண்டெக்ஸ்களையும் சேர்த்து. எப்போதாவது நடந்தால் பொறுக்கலாம். பயனர்கள் நாள் முழுக்க இழுத்து இழுத்து நகர்த்தும் திரையாக இருந்தால் வேண்டாம்.

போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே 'எல்ட்ரீ' என்ற நீட்டிப்பு இருக்கிறது, ஜிஸ்ட் என்ற வகை இண்டெக்ஸோடு. எஸ்க்யூஎல் சர்வரில் 2008 முதல் 'ஹையரார்க்கி ஐடி' என்ற தரவு வகை. இரண்டுமே அடிப்படையில் பாதைதான். ஆனால் இவற்றில் எதுவும், பேரன்ட் உண்மையில் இருக்கிறதா என்று உங்களுக்காகப் பார்க்காது.

நெஸ்டட் செட் பயன்படுத்தலாமா?

புதிதாகத் தொடங்கும் செயலிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பழைய கோடில் கண்ணில் படும், அதனால் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ட்ரீயை மேலிருந்து கீழாகச் சுற்றி வரும்போது, உள்ளே நுழையும்போது ஓர் எண், வெளியே வரும்போது ஓர் எண் கொடுக்கிறோம். நம் ட்ரீயில் ஆவணங்களுக்கு 1, 12. கணக்குக்கு 2, 7. வரவுக்கு 3, 4. செலவுக்கு 5, 6. படங்களுக்கு 8, 11. பழையவைக்கு 9, 10. கணக்குக்குக் கீழே உள்ளவை யாவை? இடது எண் 2-க்கும் 7-க்கும் இடையில் இருப்பவை. எத்தனை? 7-இலிருந்து 2-ஐக் கழித்து, மேலும் 1 கழித்து, இரண்டால் வகுத்தால் 2. கீழே உள்ள ரெக்கார்டுகளைத் தொடாமலே எண்ணிக்கை வந்துவிட்டது. அழகான யோசனை, சந்தேகமே இல்லை. எஸ்க்யூஎல் நூலாசிரியர் ஜோ செல்கோ தன் எழுத்துகளில் இதைப் பரவலாக்கினார்.

இப்போது கணக்குக்குள், செலவுக்கு அடுத்து 'நிலுவை' என்று ஒரு ஃபோல்டர் சேர்ப்போம். அதற்கு 7, 8. உடனே கணக்கின் வலது எண் 9 ஆக வேண்டும். படங்களுக்கு 10, 13. பழையவைக்கு 11, 12. ஆவணங்களின் வலது எண் 14. ஒரே ஒரு ஃபோல்டர் சேர்த்ததற்கு, ஏற்கெனவே இருந்த ஆறில் நான்கு மாறிவிட்டன. ஒரு லட்சம் ரெக்கார்டு உள்ள ட்ரீயின் தொடக்கத்தில் ஒன்று சேர்த்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எழுத வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேர்த்தால், சரியான லாக் இல்லாவிட்டால், எண்கள் குழம்பிவிடும். குழம்பியபின் எண்களை மட்டும் பார்த்து எது எதற்குள் இருந்தது என்று மீட்பது மிகக் கடினம். பேரன்ட் ஐடியையும் கூடவே வைத்திருந்தால் பிழைத்தீர்கள்.

எப்போதாவது மொத்தமாக ஏற்றப்படும், இடையில் மாறாத வகைப்பாட்டுப் பட்டியல் என்றால் இந்த முறை இன்றும் நன்றாகவே வேலை செய்யும்.

குளோஷர் டேபிள் என்பது?

ஃபோல்டர் டேபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு டேபிள். அதில் 'இவருக்குக் கீழே இவர், இத்தனை மட்டம் தள்ளி' என்ற எல்லா ஜோடிகளும் இருக்கும், ஒவ்வொன்றும் தனக்குத் தானே ஜோடி என்பது உட்பட. நம் ஆறு ஃபோல்டருக்கு: தனக்குத் தானே 6, ஆவணங்களிலிருந்து மற்ற ஐந்துக்கும் 5, கணக்கிலிருந்து 2, படங்களிலிருந்து 1. மொத்தம் 14 ரெக்கார்டு.

மேலே யார், கீழே யார், இது அதற்குள் இருக்கிறதா என்ற எந்தக் கேள்விக்கும் ஒரே ஜாயினில் பதில் கிடைக்கும். சர வேலை இல்லை, சிறப்புத் தரவு வகை இல்லை, எந்த டேட்டாபேஸிலும் ஓடும். இரண்டு பக்கமும் ஃபாரின் கீ போடலாம். அனுமதிகளுக்கு இது மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து. 'இந்த ஃபைலைத் திறக்க இவருக்கு அனுமதி உண்டா' என்ற கேள்வி ஒவ்வொரு கிளிக்கிலும் வரும். அதற்கு மேலே உள்ள எல்லா ஃபோல்டர்களையும் பார்த்தாக வேண்டும். அனுமதி டேபிளோடு குளோஷர் டேபிளை ஒரு ஜாயின் செய்தால் ஆயிற்று.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று பயப்படுவார்கள். ஒரு ஃபோல்டருக்கு எத்தனை ரெக்கார்டு என்றால், அதற்கு மேலே எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனையும் கூட ஒன்றும். சராசரியாக ஐந்து பேர் மேலே இருக்கும் பத்தாயிரம் ஃபோல்டருக்கு அறுபதாயிரம் ரெக்கார்டு, இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே சங்கிலியாகத் தொங்கும் ஆயிரம் ரெக்கார்டுகளுக்கு 5,00,500 வரும். ஒருவருக்கொருவர் பதில் போட்டே நீளும் உரையாடலில் இது நடக்கும். அங்கே குளோஷர் டேபிள் வேண்டாம்.

நகர்த்துவது இரண்டு படி. கணக்கைப் படங்களுக்குள் கொண்டுபோக, முதலில் பழைய முன்னோருக்கும் கணக்குக் கூட்டத்துக்கும் இடையிலான ஜோடிகளை நீக்க வேண்டும்: ஆவணங்களிலிருந்து கணக்கு, வரவு, செலவு மூன்றுக்கும் உள்ளவை. பிறகு புது முன்னோர் இருவரையும் (ஆவணங்கள், படங்கள்) அந்த மூன்றோடும் கோத்து ஆறு ஜோடி எழுத வேண்டும். இரண்டும் ஒரே ட்ரான்சாக்ஷனில் (நடந்தால் முழுதும், இல்லையென்றால் எதுவும் இல்லை என்ற தொகுப்பில்) நடக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முழு ட்ரீயையும் ஒரே ஜேசனாக (தரவை எழுதும் ஓர் உரை வடிவம்) வைத்துவிட்டால்?

எப்போதும் முழுசாகப் படித்து, முழுசாக எழுதும் ட்ரீ என்றால் தாராளமாக வையுங்கள். ஒரு பக்கத்தின் வடிவமைப்பு, ஒரு படிவத்தின் கேள்விகள், செட்டிங்ஸ் இவையெல்லாம் அந்த வகை. உள்ளே இருக்கும் ஒரு துண்டை வெளியிலிருந்து வேறு எந்த டேபிளும் சுட்டிக்காட்டாது. இதை நூறு ரெக்கார்டாக உடைத்துத் திரும்ப ஒட்டுவது வீண் உழைப்பு.

உள்ளே இருக்கும் துண்டுக்குத் தனி அனுமதி, தனி கருத்து, தனித் தேடல் என்று வந்துவிட்டால் ஜேசன் சரிப்படாது. இரண்டு பேர் இரண்டு கிளைகளில் வேலை செய்யும்போது, கடைசியில் சேமித்தவர் மற்றவரின் வேலையை அழித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஜேசன் போன்ற ஆவணங்களாகவே தரவை வைக்கும் மோங்கோடிபி டேட்டாபேஸில் ஒரு ஆவணம் 16 எம்பி-யைத் தாண்ட முடியாது, 100 மட்டத்துக்கு மேல் உள்ளே போகவும் முடியாது. வளர்ந்துகொண்டே போகும் ட்ரீயை அதில் ஒரே ஆவணமாக வைப்பது சுவரை நோக்கி வண்டி ஓட்டுவதுதான். மோங்கோடிபியிலும் பேரன்ட் ஐடி முறையில் வைக்கலாம், 3.4 பதிப்பிலிருந்து 'கிராஃப் லுக்கப்' அதைச் சுற்றிப் படித்துத் தரும்.

டேபிள்களில் தரவை வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸே படிநிலைக்கு ஒத்துவராது என்கிறார்களே?

வரலாறு இதற்கு நேர்மாறாக நடந்தது. ஐபிஎம் 1960-களில் அப்போலோ விண்வெளித் திட்டத்தின் எண்ணற்ற பாகங்களைக் கணக்கில் வைக்கத்தான் ஐஎம்எஸ் என்ற டேட்டாபேஸை உருவாக்கியது. அது முழுக்க முழுக்கப் படிநிலை வடிவம். பிறகு 1970-இல் எட்கர் காட் ரிலேஷனல் மாடலை முன்வைத்த கட்டுரையில், பாகங்களையும் திட்டங்களையும் ஐந்து வெவ்வேறு ட்ரீ வடிவில் அடுக்கிக் காட்டினார். ஒரு வடிவத்துக்காக எழுதிய நிரல் மற்றொரு வடிவத்தில் ஓடாது என்பதுதான் அவர் வாதம். தரவைப் படிக்கும் வழியைத் தரவின் அமைப்பிலேயே இறுக்கிக் கட்டிவிட்டால், நாளைக்கு வேறு வழியில் படிக்க வேண்டும் என்று வரும்போது எல்லாவற்றையும் இடித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததும் அதுதான். 'இதன் பேரன்ட் இது' என்பது உண்மை. பாதையும் இடது வலது எண்களும் குளோஷர் ஜோடிகளும் அந்த உண்மையிலிருந்து கணக்கிட்டு எடுத்தவை, வேகமாகப் படிப்பதற்காக. எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பேரன்ட் ஐடியை எடுத்துவிடாதீர்கள். அது இருக்கும்வரை மற்றவை கெட்டுப்போனால் திரும்ப உருவாக்கலாம்.

ஒன்றுக்கு இரண்டு பேரன்ட் இருந்தால்?

அது ட்ரீ இல்லை, கிராஃப். ஒரே திருகாணி பல இயந்திரங்களில் வரும், ஒரே பொருள் இரண்டு வகையில் வரும். பேரன்ட் ஐடி ஃபீல்டை எடுத்துவிட்டு, இணைப்புகளுக்குத் தனி டேபிள் வையுங்கள்: மேலே எது, கீழே எது, வேண்டுமானால் எத்தனை எண்ணிக்கை. ரிகர்சிவ் குவெரி இதிலும் அப்படியே ஓடும். பாதையும் நெஸ்டட் செட்டும் ஓடாது.

நியோ4ஜே போன்ற கிராஃப் டேட்டாபேஸ், இணைப்புகளே செயலியின் மையமாக இருக்கும்போது யோசிக்க வேண்டியது. வெறும் ஃபோல்டர் ட்ரீக்காக இன்னொரு டேட்டாபேஸைப் பராமரிப்பது நியாயமான செலவு இல்லை.

மட்டங்கள் நிலையாக இருந்தால்?

புத்தகம், அத்தியாயம், பத்தி என்று மூன்றே மட்டம், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விவரங்கள் என்றால் மூன்று தனி டேபிள் போடுங்கள். இது படிநிலைப் பிரச்சினையே இல்லை.

பிள்ளைகளின் வரிசையை எப்படி வைப்பது?

தனி ஃபீல்டாக. எண்களை 1, 2, 3 என்று நெருக்கமாக வைத்தால் நடுவில் ஒன்றைச் செருக மற்றவை எல்லாம் நகர வேண்டும். 1000, 2000, 3000 என்று இடைவெளி விட்டு வைத்தால், 1500 என்று செருகலாம்; இடைவெளி தீர்ந்தால் அந்தப் பேரன்ட்டின் பிள்ளைகளை மட்டும் திரும்ப எண்ணிடலாம். தசம எண் வைத்தால் இடைவெளி தீரவே தீராது என்று நினைக்காதீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாதியாக்கிச் செருகினால் ஃப்ளோட்டின் துல்லியம் சீக்கிரமே முடிந்துவிடும்.

ஒரே ஃபோல்டருக்குள் ஒரே பெயர் இரண்டு முறை வராமல் தடுக்க யூனிக் போட்டேன். ரூட்டில் மட்டும் வேலை செய்யவில்லை, ஏன்?

ரூட்டில் பேரன்ட் ஐடி நல். இரண்டு நல்களைப் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் சமமாக எண்ணுவதில்லை, அதனால் யூனிக் அவற்றைக் கண்டுகொள்ளாது. போஸ்ட்கிரெஸ் 15-இலிருந்து 'நல்ஸ் நாட் டிஸ்டிங்ட்' என்று சேர்த்துச் சரிசெய்யலாம். அதற்கு முந்தையவற்றில், பேரன்ட் நல்லாக இருக்கும் ரெக்கார்டுகளுக்கு மட்டும் ஒரு பகுதி இண்டெக்ஸ் போடுங்கள்.

நீக்கும்போது கீழே உள்ளவை தானாக நீங்கும்படி விடலாமா?

'ஆன் டிலீட் கேஸ்கேட்' போட்டால் ஒரு தவறான கிளிக்கில் முழுக் கிளையும் போய்விடும். வசதிதான், ஆனால் பயனரின் தரவு என்றால் நான் 'ரெஸ்ட்ரிக்ட்' (கீழே ஏதாவது இருந்தால் நீக்க விடாதது) போட்டுவிட்டு, நீக்கும் வேலையை நிரலிலேயே எழுதுவேன். டேட்டாபேஸ்களுக்கும் இதில் வரம்பு உண்டு. எஸ்க்யூஎல் சர்வர், தன்னையே சுட்டும் ஃபாரின் கீயில் கேஸ்கேட்டை ஏற்காது. மைசீக்வல் 8.0-இல் கேஸ்கேட் 15 மட்டத்துக்கு மேல் போகாது, கேஸ்கேட்டால் நீங்கும் ரெக்கார்டுகளுக்கு ட்ரிகரும் (மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் நிரல்) ஓடாது. குளோஷர் டேபிளை ட்ரிகர் வைத்துப் பராமரித்தால் இந்த இடத்தில் அடிபடும்.

குப்பைத்தொட்டி வசதி வேண்டுமென்றால், நீக்கப்பட்ட நேரத்தை மேலே உள்ள ஃபோல்டரில் மட்டும் குறித்துவையுங்கள். கீழே உள்ள எல்லாவற்றிலும் குறித்தால், மீட்கும்போது எது முன்பே தனியாக நீக்கப்பட்டது, எது இதோடு சேர்ந்து போனது என்று பிரிக்க முடியாமல் போகும்.

லைப்ரரிகள் இருக்கின்றனவே, எதை எடுப்பது?

பைதானின் ஜாங்கோவில் 'ட்ரீபியர்ட்' மூன்று முறைகளைத் தருகிறது: அட்ஜசென்சி லிஸ்ட், பாதை, நெஸ்டட் செட். ரூபியின் ரெயில்ஸில் 'ஆன்செஸ்ட்ரி' பாதை முறை, 'குளோஷர் ட்ரீ' அதன் பெயரிலேயே இருக்கிறது. லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அது உள்ளே எந்த முறையில் எழுதுகிறது என்று பாருங்கள். நகர்த்துவதன் செலவை அதுதான் தீர்மானிக்கிறது.

இப்போது ஒன்றை எடுத்துவிட்டு, பின்னால் மாற்ற முடியுமா?

பேரன்ட் ஐடி இருந்தால் சுலபம். பாதைக்கான ஃபீல்டையோ குளோஷர் டேபிளையோ காலியாக உருவாக்குங்கள். முதலில் புதிய எழுத்துகள் இரண்டு இடத்திலும் போகும்படி நிரலை மாற்றுங்கள், அப்புறம் பழைய ரெக்கார்டுகளுக்கு ஒரே ரிகர்சிவ் குவெரியில் நிரப்புங்கள். சில நாட்கள் படிப்பது பழைய வழியிலேயே நடக்கட்டும். இடையில் ஒரு சோதனைக் குவெரி தினமும் ஓடட்டும்: பேரன்ட் ஐடியிலிருந்து கணக்கிட்ட ஜோடிகளும் சேமித்த ஜோடிகளும் ஒன்றா என்று இரண்டு பக்கமும் கழித்துப் பார்ப்பது. வித்தியாசம் வந்தால், நகர்த்தும் நிரலில் எங்கோ ஒரு வழி விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது அட்மின் திரையாகவோ மொத்தமாகத் தரவு ஏற்றும் ஸ்கிரிப்டாகவோ இருக்கும். வித்தியாசம் இல்லாமல் ஓடத் தொடங்கியதும் படிக்கும் குவெரிகளை ஒவ்வொன்றாகப் புதிய வழிக்கு மாற்றுங்கள். சோதனைக் குவெரியை அதற்குப் பிறகும் நிறுத்தாதீர்கள்.